கொத்தமல்லி என்று சொன்ன வடை

முத்தையாபுரத்திலிருந்து டவுனுக்குப் போகும் காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சட்டென்று குரலை உயர்த்தினார்.

"வடை சுட்டு ஏமாத்திட்டேனாம்! கட்டுன புருசன் சொல்லுத பேச்சா இது?"

"அப்படி என்னத்தளா போட்ட?" என்றார் பக்கத்துப் பெண்.

"முருங்கைக்கீரை. மவளுக்கு ரத்தம் கம்மி, கீரை குடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பொரியல் வச்சா, 'நான் என்ன ஆடா?'ன்னு இவிய தட்டைத் தள்ளுதாவ. அதைப் பார்த்து அவளும் தள்ளுதா. அதான் நேத்து கடலைப்பருப்போட சேத்து, சின்ன உள்ளி போட்டு வடையா சுட்டேன். பச்சையா இருக்கேன்னு கேட்டாவ. கொத்தமல்லின்னுட்டேன்."

"தின்னாவளா?"

"ஆறு வடை! ருசியா இருக்குன்னு வேற சொன்னாவ. சரி, இனி மறைக்க வேண்டாம்னு கீரைன்னு சொன்னேன். ஏழாவதை அப்படியே கீழ வச்சிட்டு, என்னைய கள்ளியப் பாக்க மாதிரி பாக்காவ."

"பிள்ளை?"

"அவ அப்பா தட்டை இழுத்து, 'உங்களுக்கு வேண்டாம்னா நான் தின்னுக்கிடுதேன்'னு அதையும் தின்னுட்டா."

பக்கத்துப் பெண் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதளா. இன்னைக்கும் அதே வடைதான் சுடப்போறேன். அவியளுக்கு மட்டும் கிடையாது."