ஏசியின் பின்பக்கம்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பரிசு வழங்க வந்திருக்கும் துணிக்கடை உரிமையாளர் ஐயா அவர்களே, பெரியோர்களே, கைக்குழந்தையோடு கதவோரக் காற்றுக்காக நெருக்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சின்னவளின் பணிவான வணக்கம்.

மிகக் குறைவாகக் கார்பன் புகை விடும் குடும்பம் என்று எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கைதட்டலைச் சற்றே நிறுத்திவையுங்கள். அந்தப் பெருமை வந்த கதையைக் கேளுங்கள்.

பள்ளிக் கணக்கெடுப்பில், ‘வீட்டில் ஏசி உண்டா?’ என்று ஒரு கேள்வி. அப்பாவிடம் கேட்டேன்.

“இருக்குன்னு எழுதும்மா. முன்பக்கம் கடைக்கு, பின்பக்கம் நமக்கு.”

“புள்ளையக் கெடுக்காதீங்க. அப்புறம் ஸ்கூல்ல என்னையத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க” என்றார் அம்மா.

நான் அப்படியே எழுதினேன்: ‘உண்டு, பின்பக்கம் மட்டும்.’ ஆசிரியர் சிரித்துவிட்டு ‘இல்லை’ என்று திருத்தினார். நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால் அப்பா சொன்னது பொய்யில்லை. ஐயாவின் துணிக்கடை ஏசிகள் அனலைக் கக்குவது எங்கள் ஒற்றை ஜன்னலில். அம்மா அதே கடையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு துணி மடிக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் என் கைக்குழந்தைத் தங்கை வேர்க்குருவோடு தூங்காமல் அழுகிறாள்.

வளர்ச்சி வேண்டாமா? வேண்டும். கடை வளர்ந்ததால்தான் அம்மாவுக்கு வேலை, வேலை வந்ததால்தான் என் கையில் புத்தகம். வளரும் நாடுகளில் வருமானம் ஏறினால் மின்சாரத் தேவை ஏறுகிறது, நிலக்கரி எரிகிறது, புகை ஏறுகிறது. அந்த வருமானம் எல்லோர் வீட்டுப் படியும் ஏறியதா? குளிர்ச்சி ஒரு வீட்டுக்கு, கொதிப்பு அடுத்த வீட்டுக்கு என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சியா? எங்கள் புகை குறைந்தது குணத்தால் அல்ல, இல்லாமையால். இல்லாமைக்குப் பரிசு கொடுக்கலாமா?

போன வாரம் அப்பா ஒரு பழைய ஏசிக்கு விலை பேசிவிட்டு வந்து சுவரை அளந்தார். சுவருக்குப் பின்னால் இஸ்திரி போடும் அக்காவின் அறை. அக்காவே எட்டிப் பார்த்தார்.

“மாட்டுங்கண்ணே. நாள்பூரா நெருப்புக்கிட்டதானே நிக்கிறேன், எனக்குப் பழகிடுச்சு.”

அப்பா அளவுநாடாவைச் சுருட்டினார். “உன்ன வேக வச்சுட்டு எம் பொண்ணு தூங்கணுமா? வேணாம்மா.”

அம்மாவுக்குக் கோபம். “நம்மள யாரு அப்படி நெனச்சாங்க?”

அந்தக் கேள்வியோடுதான் இந்த மேடை ஏறினேன்.

அதோ, அம்மா என்னை உட்காரச் சொல்லிச் சைகை காட்டுகிறார். வேலை போய்விடுமோ என்ற பயம். பயப்படாதீங்கம்மா, நான் ஐயாவைக் குறை சொல்ல வரவில்லை. கடையின் வாசல் வழியாக வருகிறவருக்குப் பின்பக்கம் எப்படித் தெரியும்?

ஐயா, அந்த இயந்திரங்களை மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள். கடைக்குள் குளிரைக் கொஞ்சம் குறையுங்கள். மின்சாரம் குறையும், புகையும் குறையும். மாடியில் ஒரு மூலையை எங்கள் ஏசியின் பின்பக்கத்துக்கும் சூரியத் தகட்டுக்கும் விட்டுவையுங்கள். எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் ஒருநாள் குளிர்ச்சி வரும். அது வெயிலில் விளைந்த மின்சாரத்தில் வரட்டும். யார் ஜன்னலையும் சுடாமல் வரட்டும்!

தலையசைக்கிறீர்களா ஐயா? பின்வரிசைக்கு அது தெரியாது. பொறுமையோடு செவிகொடுத்த எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம். ஒலிவாங்கியை ஐயாவிடம் தருகிறேன்.