எரநூறு வரைக்கும் இழுக்குற லென்ஸு

தாலி கட்டுன போட்டோ இல்ல சார். அவ்வளவுதான் விஷயம். மத்ததெல்லாம் இருக்கு. பொண்ணழைப்பு இருக்கு, நலுங்கு இருக்கு, பந்தி இருக்கு. பந்தியில ஒரு பெரியவரு பாயசத்த இலையிலேருந்து வழிச்சுக் குடிக்கிறாரு, அவரு மீசையில ஒட்டியிருக்குற சேமியா வரைக்கும் தெரியுது. முப்பதடி தள்ளி நின்னு எடுத்தது. அவருக்கு நான் எடுத்ததே தெரியாது. தாலி கட்டுனது மட்டும் இல்ல. இந்த ஆல்பத்த மீன்சுருட்டியில எறங்கி பொண்ணு வூட்ல குடுக்கணும். நான்தான் குடுக்கணும். ஏன்னா நான்தான் எடுத்தேன்.

நீங்க கேக்கல. தெரியும். ஆனா அரியலூர் பஸ் ஸ்டாண்டுலேருந்து பாக்குறேன், அந்தப் பொஸ்தகத்துல ஒரே பக்கத்தயே தொறந்து வெச்சிருக்கீங்க. லென்ஸு வெளம்பரம். கழுத்துல கேமரா தொங்குது. அந்த முப்பத்தஞ்சு–எரநூறு எம்.எம். லென்ஸத்தான பாக்குறீங்க? ஊர் சுத்தவும் ஒண்ணு, கல்யாணங்காச்சிக்கும் அதே ஒண்ணுன்னு போட்டிருப்பான். நானும் அதப் படிச்சவன்தான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஆல்பம் மடங்குது.

நான் பத்தாவதோட நின்னுட்டேன் சார். யாரும் நிறுத்தல, எனக்குப் புடிக்கல. எங்க அத்தை வூட்டுக்காரரு உத்திராபதி மாமா, அரியலூர்ல ரயிலடிக்குப் போற ரோட்ல ஸ்டுடியோ வெச்சிருக்காரு. அங்க சேந்துட்டேன். ரெண்டு வருசம் ஆவுது. மாமா கிட்ட மூணு லென்ஸு. ஒண்ணு கும்பலுக்கு, ஒண்ணு சாதாரணமா எடுக்க, ஒண்ணு தூரத்துக்கு. மூணையும் ஒரு ரெக்சின் பையில போட்டு தோள்ல மாட்டிக்கிட்டு, ஒண்ண கழட்டி வாயில மூடிய கவ்விக்கிட்டு, இன்னொண்ண மாட்டறதுக்குள்ள மாலை மாத்தி முடிச்சுடுவாங்க. அப்புறம் மாமா, ஐயா இன்னொருக்கா மாலைய மாத்துங்கம்பாரு. எனக்கு மானம் போவும். இதுக்கா மூணு லென்ஸுன்னு நேராவே கேட்டேன். ஒனக்கு வேணும்னா நீ போயி ஒண்ண வாங்கிட்டு வாடா, நான் வேணாங்கலன்னாரு. கோவத்துலதான் சொன்னாரு. நான் அடுத்த நாள் திருச்சி பஸ்ஸு ஏறிட்டேன்.

கடைக்காரரு நல்ல மனுசன்தான், குத்தம் சொல்ல முடியாது. முதல்ல முப்பத்தஞ்சு–எழுபதுதான் எடுத்து வெச்சாரு. தம்பி, கல்யாணத்துக்கு இது போதும், வெளிச்சமும் நல்லா வாங்கும்னாரு. நான்தான் எழுபதெல்லாம் ஒரு தூரமான்னு கேட்டேன். அப்பத்தான் அவரு உள்ளேருந்து இத எடுத்தாரு. வாசல்ல கூட்டிட்டுப் போயி பாருன்னாரு. முப்பத்தஞ்சுல பாத்தா தெருவே உள்ள வருது. மாடு, ரிக்சா, எதுத்த கடை எல்லாம். குழல இழுத்தேன். எரநூறு. மலைக்கோட்டை மேல உச்சிப் பிள்ளையாரு கிட்ட ஒருத்தரு கம்பியப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறாரு. சட்டைக் கலரு தெரியுது. அங்கயே முடிவு பண்ணிட்டேன். அவரு என்னமோ சொன்னாரு, தூரம் இழுக்க இழுக்க வெளிச்சம் கொறையும் தம்பின்னு. நான் காதுல வாங்கல. அந்த ஆளையே பாத்துட்டு இருந்தேன்.

அது எப்படின்னா சார்... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியலன்னா தெரிஞ்சுக்கங்க. நீங்க புதுசா பெரம்பலூருக்கு மாத்தலாயி வந்த ஆபீஸரு, லீவு நாள்ல கோயில் கோயிலா படம் எடுக்குறீங்க, கண்டக்டர்கிட்ட சொன்னத கேட்டேன். எரநூறுல வெச்சா உள்ள வர்ற வெளிச்சம் ரொம்பக் கொறச்சல். கண்ணுல வெச்சுப் பாக்கும்போது நடுவுல ரெண்டு அரைவட்டம் இருக்கும்ல, ரெண்டும் ஒண்ணா சேந்தா படம் தெளிவுன்னு அர்த்தம். இந்த லென்ஸ போட்டா அதுல ஒரு பாதி கருத்துப் போயிடுது. மிச்சம் இருக்குற பாதிய எதோட சேக்குறது? குத்துமதிப்பாதான்.

அப்புறம் கனம். முக்கால் கிலோவுக்கு மேல. கழுத்துல மாட்டி நிமிந்து நின்னா வயித்துல இடிக்குது. குனிஞ்சா அதுவா நீண்டுக்குது. நெசமா. யாரும் இழுக்க வேண்டாம், அது கனத்துக்கே குழலு எறங்கிடும். இந்தக் கல்யாணத்துலதான், மாப்பிள்ளை பொண்ணு கால்ல மெட்டி போடறத எடுக்கக் குனிஞ்சேன், ரெண்டு காலும் எடுக்கப் போயி ஒரு கட்டை விரலு வந்துச்சு. அது மட்டும் யாரு விரலுன்னு கேட்டா சொல்ல முடியாது. ஆல்பத்துல வெச்சிருக்கேன். எடம் காலியா இருந்துச்சு.

ஊர் சுத்தறதுக்கா? அதுக்கும் சொல்றேன். வாங்குன வாரமே உடையார்பாளையத்துலேருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பசங்கள டூர் கூட்டிட்டுப் போனாங்க, நீங்க போறீங்களே அதே கங்கைகொண்டசோழபுரத்துக்கு. எங்க ஸ்டுடியோவுக்குத்தான் படம் எடுக்க வேலை. பசங்களும் வரணும், கோபுரமும் உச்சி வரைக்கும் வரணும்னு வாத்தியாரு சொல்றாரு. முப்பத்தஞ்சுல வெச்சேன். கோபுரம் பாதிதான் வருது. பின்னால போறேன், போறேன், முதுகுல நந்தி இடிக்குது. நந்தியச் சுத்திக்கிட்டு இன்னும் பின்னால போனேன். இப்ப கோபுரம் முழுசா வந்துடுச்சு, பசங்க எறும்பாட்டம் ஆயிட்டாங்க, குறுக்க நந்தி. மாமாவோட பழைய அகல லென்ஸுன்னா நின்ன எடத்துலேயே வந்திருக்கும். அத நான் எடுத்துட்டுப் போவல. ஒரே லென்ஸுன்னு சொல்லித்தான வாங்குனேன், ரெண்டாவத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போறது.

ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல மட்டும் நல்லா வேலை செஞ்சுது. அத ஒத்துக்கணும். தேர் வரும்போது மாதா முகத்த அம்மாம் பெரிய கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்னு எடுத்தேன். பஸ்ஸுல வந்த ஜனங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு கேட்டு விலாசம் எழுதிக் குடுத்தாங்க. மாமா அந்தப் படத்த ஸ்டுடியோ வாசல்ல மாட்டிட்டாரு. அதுலதான் சார் எனக்குத் திமிரு வந்துது. அது பட்டப்பகல், வெளிச்சம் கொட்டிக் கெடந்துச்சு, தேரு ஒசரத்துல இருந்துச்சு. அதெல்லாம் நான் யோசிக்கல.

இந்தக் கல்யாணம் வந்துது. பொண்ணு பேரு மலர்க்கொடி. மீன்சுருட்டி. அப்பா இல்ல. அண்ணன் சாமிதுரைதான் எல்லாம். அவரு மஸ்கட்ல வேலை பாக்குறாரு. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு குடுக்கல. கல்யாணச் செலவு பூரா அவரு அனுப்புனது, ஆனா ஆள் வர முடியல. பொரி போடறதுக்குக்கூட சித்தப்பா மவனத்தான் அண்ணன் எடத்துல நிக்க வெச்சாங்க. அந்தப் பய வாயில மிட்டாய் வெச்சுக்கிட்டே பொரி போட்டான், அதுவும் ஆல்பத்துல இருக்கு. சாமிதுரை அண்ணன் லெட்டர் எழுதியிருந்தாரு. மத்த போட்டோ எல்லாம் நான் ஊருக்கு வரும்போது பாத்துக்குறேன், தாலி கட்டுற போட்டோ ஒண்ண மட்டும் மொதல்ல அனுப்புங்கன்னு. அவங்கம்மா ஜெகதாம்பாள், நாங்க போட்டோ வேலைய பேசி முடிக்கப் போனப்பவே ஒரு ஏர்மெயில் கவரு குடுத்தாங்க. விலாசம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி. நீ போட்டோவ உள்ள வெச்சு அங்கயே தபால்ல போட்டுடு தம்பி, மீன்சுருட்டிக்கு வந்து போனா ரெண்டு நாள் வீணாவும்னாங்க. பாருங்க, சட்டைப் பையில இருக்கு.

அவங்ககிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா. அம்மா, எல்லாக் கல்யாணத்துலயும் போட்டோக்காரன் முதுகத்தான் ஜனம் பாக்குது, நான் மறைக்கவே மாட்டேன், கடேசியில நின்னே எடுத்துடுவேன், புது லென்ஸுன்னேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோசம். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னாங்க, எங்க போட்டோக்காரத் தம்பி மறைக்காதுன்னு.

காலையில ஏழரைக்கு முகூர்த்தம். தெருவ அடைச்சுப் பந்தல். நான் கடேசியில ஒரு மடக்கு நாற்காலி மேல ஏறி நின்னேன். அம்பதடி இருக்கும். எரநூறுல இழுத்து வெச்சேன். பொண்ணு, மாப்பிள்ளை, ஐயரு கையில தாலி, எல்லாம் பக்கத்துல. அந்த அரைவட்டம் கருப்பா இருந்துச்சு, ஆனா பழகிடுச்சு. மாப்பிள்ளை கைய தூக்குனாரு. கெட்டிமேளம் கொட்டுனாங்க.

எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க சார்.

நானும் இருபது கல்யாணம் பாத்திருக்கேன். கெட்டிமேளம் கொட்டுனா எல்லாரும் எந்திரிச்சு அட்சதை போடுவாங்கன்னு தெரியாதவன் இந்த ஜில்லாவுலயே இருக்க மாட்டான். எனக்கும் தெரியும். ஆனா எப்பவும் நான் முன்னாடி நிப்பேன், முதுகுக்குப் பின்னாலதான் எந்திரிப்பாங்க, அதனால நான் பாத்ததே இல்ல. அதோட மணவறைக்கு முன்னாடி போட்டோக்காரன் நிக்கிற எடம் காலியா இருந்துச்சுல்ல, அங்க மாப்பிள்ளைக்குச் சித்தப்பா ஒருத்தரு வந்து நின்னுக்கிட்டாரு. நல்ல வாட்டசாட்டம். நான் அமுக்குனேன். நாலு தரம் அமுக்குனேன்.

இந்தாங்க, இதான் அந்தப் படம். ஆல்பத்துல வெக்கல, தனியா வெச்சிருக்கேன். பிளாஷ் வெளிச்சம் பதினஞ்சு அடிக்கு மேல போவாது, அதனால எனக்கு முன்னாடி வரிசையில இருந்த கை மட்டும் வெள்ளையா வந்திருக்கு. கை, வளையலு, கைக்கடியாரம். ஏழு முப்பத்தொம்போது. பின்னால எல்லாம் இருட்டு. அட்சதை பாருங்க, ஆகாசத்துல நிக்குது, ஒவ்வொரு அரிசியும் தனித்தனியா தெரியுது. மஞ்சள் ஒட்டுனது ஒட்டாதது கூடத் தெரியுது. லென்ஸு நல்ல லென்ஸு சார். அத யாரும் கொறை சொல்ல முடியாது.

கலரு பிரிண்டு திருச்சிக்குப் போயி வர பத்து நாளாச்சு. பத்து நாளும், ஏதாவது வந்திருக்கும்னு நெனச்சேன். பிரிண்டு வந்த அன்னைக்கு மாமா ஒவ்வொண்ணா புரட்டுனாரு. இந்தக் கை படத்துக்கு வந்ததும் நிறுத்துனாரு. திட்டுவாருன்னு பாத்தேன். தாலி எங்கடான்னாரு. கைக்குப் பின்னாடி மாமான்னேன். எங்க கலியம்மா அத்தைதான் சிரிச்சுச்சு. அவரு சிரிக்கல.

இப்ப போயி மறுபடி எடுத்துட்டா என்னங்குறீங்களா? மூஞ்சியப் பாத்தா அதான் தோணுது உங்களுக்கு. பந்தலு பிரிச்சாச்சு. மாலை காஞ்சு போச்சு. ஐயரு இல்ல, மேளம் இல்ல. வூட்டுச் சுவத்துக்கு முன்னாடி ரெண்டு பேர நிக்க வெச்சு எடுத்தா, மஸ்கட்ல இருக்குறவருக்குக் கண்ணு தெரியாதா. அதோட கட்டுன தாலியில இன்னொரு நாளு போயி, திரும்பக் கைய வைங்கன்னா அந்தம்மா வெளக்கமாத்த எடுப்பாங்க. எடுக்கணும்.

உங்களுக்கு அந்த லென்ஸு வேணும்னா வாங்கிக்கங்க. கோயிலுக்கு அகலமா இன்னொண்ணு வெச்சுக்கங்க. இருட்டுல எடுக்கணும்னா வெளிச்சம் நல்லா வாங்குற சாதாரண லென்ஸு ஒண்ணு வெச்சுக்கங்க. மூணு ஆயிடுச்சா? ஆமா, மூணுதான். உங்க கேமராவுக்கும் கழுத்துப் பட்டை இத்துப் போச்சு, மாத்திடுங்க, சொல்றேன்னு நெனைக்காதீங்க.

இந்தா, உங்க எடம் வந்துடுச்சு. அந்தா கோபுரம். எறங்குங்க, அடுத்தது எனக்கு. அந்தப் படத்தக் குடுங்க... பரவால்ல, ஒரு நிமிசம் நிப்பான், மூட்டை எறக்குறாங்க.

ஒண்ணு சொல்லிடுறேன் சார். லென்ஸு, அரிசி, சித்தப்பா, பிளாஷ் எல்லாம் சொன்னேன்ல. எல்லாம் நெசம். ஆனா அன்னைக்கு விடிகாலையில கெளம்பும்போது மாமா ஒண்ணு சொல்லி அனுப்புனாரு. நீ எங்க வேணா நில்லுடா, எத வேணா மாட்டு. தாலி கட்டும்போது தவறிப்போச்சுன்னா பயப்படாத. மாலைய கழட்டறதுக்கு முன்னாடி நேரா மணவறைக்குப் போயி, ஐயா படம் விழல, கைய இன்னொரு தரம் அப்படி வைங்கன்னு கேட்டுடு. ஒரு நிமிச வேலை. எல்லாரும் கேக்குறதுதான், நானே பாதி கல்யாணத்துல அப்படித்தான் எடுத்திருக்கேன், வெக்கப்படாம கேட்டுடுன்னாரு.

ஜனம் உக்காந்துச்சு சார். அந்தச் சித்தப்பாவும் நகந்துட்டாரு. மாலை கழுத்துல இருக்கு, ஐயரு இருக்காரு, எல்லாம் அப்படியே இருக்கு. மலர்க்கொடி அக்கா தலைய நிமித்தி அம்பதடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி மேல நிக்கிற என்னத்தான் பாத்துச்சு. எரநூறுல இருந்ததால கண்ணு பக்கத்துல தெரிஞ்சுது. எடுத்துட்டியான்னு புருவத்த ஒசத்துச்சு.

போயி கேக்கல சார். ஆமான்னு தலைய ஆட்டிட்டேன்.