ஒற்றைத் தோடு

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய அக்காவும் தங்கையும் என் முன் சீட்டில் இருந்தார்கள்.

“ஒரு தோட்டை மட்டும்தான் தபாலில போட்டனான்,” என்றார் அக்கா.

“ஏன் ஒண்டு?”

“பழைய நகை வாங்குறம் எண்டு ஃபோனில விளம்பரம் போடுற ஆக்களை எப்பிடி நம்புறது? காசு வந்தால் மற்றதை அனுப்புவம் எண்டு நினைச்சன். இப்ப அந்த நம்பர் வேலை செய்யேல்ல.”

“கலியாணத் தோடெல்லோ அக்கா!”

“உன்ர அத்தான் செத்தாப்பிறகு நான் போடேல்லத்தானே. தோட்டுக்குப் பின்னால சுரை பூட்டிவிடுறது அவர்தான்.”

பம்பலப்பிட்டியில் பஸ் நின்றபோது தங்கை அக்காவின் வெறுங்காதைப் பார்த்தார்.

“எந்தக் காதுத் தோடு போனது?”

“வலது. இடது காதுச் சுரைதான் லேசில பூட்டுப்படாது. கனநேரம் பக்கத்தில நிண்டு, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு திருகுவார். அந்தத் தோட்டை நான் முதலே எடுத்து வைச்சிட்டன்.”