மூணு எடத்துலயும் ஒரே பாட்டு

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மைக்செட்காரர், மடியில் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் தக்காளி வியாபாரி.

"ஏங்ணா, கல்யாண வூட்டுப் போன்ல பாட்ட அழிச்சா சாவு வூட்டுப் போன்லயும் எதுக்கு அழியணும்?"

மைக்செட்காரர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. காதைக் கொடுத்தேன்.

"அதென்ன கல்யாண வூட்டுப் போன்?" என்றார் தக்காளிக்காரர்.

"நல்லதுக்கு ஒரு போன், கெட்டதுக்கு ஒரு போன்னு தனித்தனியாத்தாங்ணா வெச்சிருந்தேன். ஓசூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கற என் மச்சான், 'எதுக்கு மாமா தனித்தனியா? ரெண்டு போன்லயும் வூட்டு லேப்டாப்லயும் எல்லாப் பாட்டும் ஒண்ணா இருக்கட்டும்'னு சேத்து வுட்டுட்டான்."

"நல்லதுதானே?"

"போன முகூர்த்தத்துல தாலி கட்டறப்ப மேளத்தப் போடலாம்னு தொட்டா, ஒப்பாரி பாடுது. பொண்ணோட அப்பா கைய ஓங்கிட்டு வந்துட்டாரு. அவரு கண்ணு முன்னாலயே ஒப்பாரி மொத்தத்தையும் அழிச்சேன். மூணு எடத்துலயும் போயிடுச்சு."

"இப்ப எங்க போறீங்க?"

"சாவு வூட்டுக்குத்தான்."

"அப்ப ஒப்பாரிக்கு என்ன பண்ணுவீங்க?"

"அந்தக் கல்யாண வீடியோல ரெண்டு நிமிஷம் பதிவாயிருக்குது. பொண்ணோட அப்பாகிட்டயே கேட்டு வாங்கிட்டேன். அதையே திருப்பித் திருப்பிப் போடவேண்டியதுதான்."

"தெளிவா கேக்குதா?"

"நல்லா கேக்குதுங்ணா. நடுவுல ஐயர் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்'னு கத்தறது மட்டும் வரும்."