தானாக அணையும் விளக்கு

"ஹலோ... ஹலோ, கேக்குதா கண்ணு? அத்தைதான், எதிர்வீட்டு அத்தை... ஆமா, ஆமா, அப்பா வீட்டு வாசல்லேந்துதான் பேசறேன்... நீ மொதல்ல உக்காரு... உக்காந்துட்டியா?"

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரம்மா வாயைத் திறந்தால் மைக்கே வேண்டாம், கடைசி வீடு வரைக்கும் கேட்கும். இன்று அந்தக் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. டிரைவரண்ணன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, வெளியூரில் இருக்கும் அவர் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா... அப்பா போயிட்டாரும்மா... ஆமா... ஆமாடி கண்ணு... அழு, அழு. நான் எங்கயும் போகல, லைன்லதான் இருக்கேன்...

தூக்கத்துலயே உசுரு போயிருக்கு. வலி தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு... எப்பவா?... முந்தாநாள் ராத்திரி... ஆமா. முந்தாநாள்...

நேத்து நீ கேட்டியே... ஆமா, அப்பா ஃபோன எடுக்கலன்னு. 'காலைல லைட்டு அணைஞ்சுதான் இருந்துச்சு, நல்லாத்தான் இருக்காரு'ன்னு நாந்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். திட்டும்மா, வாங்கிக்கறேன்...

இல்ல, பொய் சொல்லல. அணைஞ்சுதான் இருந்துச்சு. தனியா இருக்கறவங்க காலைல ஏழு மணிக்குள்ள வாசல் லைட்ட அணைக்கணும், எரிஞ்சுட்டே இருந்தா நாங்க போய்க் கதவத் தட்டணும். ஆறு வருஷமா சங்கம் வச்ச ஏற்பாடு, உனக்கும் தெரியும். ஒரு நாள் ஏழு அஞ்சுக்கே தட்டிட்டேன். 'உசுரோடதாம்மா இருக்கேன், டீ குடிச்சிட்டுப் போ'ன்னாரு...

கேளு, கேளு, சொல்றேன்... போன வாரம் தெரு பூரா புது லைட்டு மாட்டுனோம். இருட்டுனா தானா எரியும், விடிஞ்சா தானா அணைஞ்சுடும். வயசானவங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நாந்தான் கொண்டுவந்தேன். கூட்டத்துல எல்லாரும் கைதட்டுனாங்க... உங்கப்பா மட்டும் எந்திரிச்சு, 'அப்ப நான் இருக்கேனா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?'ன்னு கேட்டாரு. 'உங்க கிண்டலுக்குக் குறைச்சலே இல்லண்ணே'ன்னு சிரிச்சுட்டேன். பாவி, சிரிச்சுட்டேனே...

இன்னைக்குப் பூங்காச் செடிக்குத் தண்ணி ஊத்தறது அவரு முறை. சாயங்காலம் அஞ்சு மணியாச்சு, ஆளக் காணோம். அவரு முறை தப்புற ஆளா? அப்பத்தான் எனக்குச் சுரீர்னுச்சு. ஓடியாந்தேன்...

இல்லம்மா, தனியா விடல. நாலாவது வீட்டு நர்ஸு உள்ள பக்கத்துலயே உக்காந்திருக்கா. நீ கெளம்பி வா, பஸ்ஸ விட்டு இறங்குனதும் வண்டியோட ஆள் நிக்கும்... ம்... ம்...

என்ன?... லைட்டா? இப்பவா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேச்சு மும்முரத்தில் பொழுது சாய்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஆமாம்மா... எரியுது... இல்ல, யாரும் போடல. தானா எரியுது... சரிம்மா. அவரில்லாம அது எரிய வேணாம், சரி, சரி, அழாத. இப்பவே அணைச்சுடறேன்... ஹலோ? ஹலோ, கண்ணு..."

லைன் கட்டாகிவிட்டது. அவள் எழுந்து கதவோரச் சுவரைத் தடவினாள். ஸ்விட்ச் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தகடுதான் இருந்தது. இனி யாருக்கும் தேவைப்படாது என்று போன வாரம் அவளே நின்று கழற்றச் சொல்லியிருந்தாள்.