திருத்தணிப் பையனுக்கு ஒரு கைதட்டல்

"தோத்தது கூட பரவால்ல மாமா. தோத்தப்ப நான் கை தட்டிட்டேன்."

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரர் சொன்னார். நாற்பது வயதிருக்கும். எனக்குப் பந்தாட்டம் எதுவும் தெரியாது. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமா திரும்பினார்.

"இன்னாடா சொல்ற? வருஷம் பூரா திருப்பதி காலேஜ் பாஸ்கெட் பால் டீம் பின்னாலயே சுத்திக்கினு இருந்தியே?"

"டீம் நல்லாதான் ஆடுச்சு. ஓட்டம் இருக்குது, பாஸ் இருக்குது. கூடைக்குக் கீழ நின்னு எகிறிப் போடத்தான் ஆள் இல்ல. திருத்தணிப் பையன் ஒருத்தன் இருந்தான் இல்ல? ஸ்டேட் எல்லை பிரிச்சப்ப அவன் ஊரு மெட்ராஸ் பக்கம் போய்டுச்சு, நம்ம புத்தூரு திருப்பதியோட இங்கயே நின்னுடுச்சு. அவனும் மெட்ராஸ் காலேஜுக்கு மாத்திக்கினு போய்ட்டான்."

"சரி."

"கடைசி மேட்சுக்கு அந்த டீமோட வந்தான். ரெண்டு பக்கமும் சமம், கடைசி நிமிஷம். அவன் எகிறினான். பழக்கதோஷம் மாமா, 'போட்றா ராசா'ன்னு கத்திட்டேன். போட்டுட்டான்."

"அப்பறம்?"

"நம்ம கூட்டத்துல கை தட்டினது நான் ஒருத்தன்தான். பக்கத்துல இருந்தவங்க எழுந்து அந்தாண்ட போய் உக்காந்துக்கினாங்க."

மாமா ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

"அந்தப் பையனாவது பேசினானா?"

"பேசினான். 'அண்ணே, நீங்களும் எங்க பக்கம் வந்துட்டீங்களா'ன்னு ஆசையா கேட்டான்."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னுட்டேன்."