தளபதி ஏன் சித்தப்பா பையன் ஆனாரு

இல்ல கிஷோரு, நீயே சொல்லு. எண்பது எபிசோடா எங்க சீரியல் தளபதி தலை தலையா வெட்டிட்டு வர்றாரு. வடக்கு எல்லையில மட்டும் நாப்பதாயிரம் பேரு காலி. ஒருத்தராவது ‘ஐயோ பாவம்’னு கமெண்ட் போட்டாங்களா? ஹார்ட்டு! செவப்பு ஹார்ட்டா போட்டுத் தள்ளுனாங்க. பெரிய ராணி சூப்புல வெஷம் வச்சப்ப கூட ‘செம்ம’ன்னாங்க. இப்ப மனுஷன் ஒரே ஒரு கல்யாணம் பண்ணிக்கிறேன்னதுக்கு... ச்சீயாம்! தூவாம்!

கொஞ்சம் தள்ளி ஒக்காரு, காத்து வரட்டும். ட்ரெயின் மாலூர் தாண்டிடுச்சா? தாண்டிடுச்சு.

நீதான் என் சீரியல கேக்குறதே இல்லியே, மொதல்லேர்ந்து சொல்லணும் உனக்கு. சீனாக்காரங்க கத. எங்க ஆப்புல தமிழ்ல பேசிப் போடுறோம், இங்கிலீஷ்ல வர்றத தமிழாக்கி எழுதுறது நானு. தளபதி குவோ லின். பேரரசருக்கு சொந்தம், ராஜ ரத்தம். கருப்பு குதிர, வெள்ளிக் கவசம். ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேச மாட்டாரு... சிரிக்காத, உன்னத்தான் சொல்றேன்.

எண்பத்தொண்ணாவது எபிசோடு. போர்ல ஜெயிச்சுட்டு அரண்மனைக்கு வர்றாரு. பேரரசருக்கு உள்ளுக்குள்ள ஒதறல், இவன் எங்க சிம்மாசனத்தக் கேட்டுருவானோன்னு. ‘என்ன வேணும், கேள்’ன்றாரு. இவரு மண்டி போட்டு, ‘உங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுங்க’ன்றாரு.

ஆனா நம்ம தமிழ்ல இவரு யாரு? பேரரசரோட சித்தப்பா பையன். அப்ப அந்தப் பொண்ணு? இவருக்கும் தங்கச்சி! எண்பது எபிசோடா ‘அண்ணா அண்ணா’ன்னு பின்னாடியே ஓடுன பொண்ணு! ஐயோ இயேசப்பா... ஒரே நாள்ல ரெண்டாயிரம் கமெண்டு. ‘குடும்பத்தோட கேக்குறோம்’னு ஒரு அம்மா. வெஷம் வச்சதையும் குடும்பத்தோடதானே கேட்டீங்க!

எங்க மேனேஜரு மமதா மேடம், ‘ஜோவிதா, இவத்தே சரி மாடு’ன்னு கன்னடத்துல சொல்லிட்டாங்க. இன்னிக்கே சரி பண்ணலன்னா சீரியலையும் தூக்கிருவாங்க, என்னையும் தூக்கிருவாங்க. எப்படிப் பண்றது? தொட்டில்லயே கொழந்த மாறிடுச்சுன்னு எழுதலாம்னா, ராஜ ரத்தம் போயிடும். அப்புறம் எவன் படையக் குடுப்பான்? சரி, பழசெல்லாம் திருத்தி மறுபடி பேசிடலாம்னு, தளபதிக்குக் கொரல் குடுக்குற கோதண்டராமன் சாருக்கு போன் போட்டேன். மல்லேஸ்வரத்துல இருக்காரு, பேங்க்ல ரிட்டயர்டு. ‘தளபதி சொன்ன சொல்ல மாத்த மாட்டான்ம்மா’ன்னு அதே கொரல்ல சொல்லிட்டு, கட் பண்ணிட்டாரு!

போனையே நோண்டிட்டிரு. கேக்குறியா இல்லியா?

ஆங்... காலையில உங்கம்மா புடிச்சுக்கிட்டாங்க. ‘என்னம்மா மருமகளே’ன்னு, தெருவே கேக்குற மாதிரி. எங்கப்பாவுக்கு அக்காவாச்சே, அத்தையாச்சேன்னு சும்மா வந்தேன். நம்ம நிச்சயத்துக்கு தேதி பாத்துட்டாங்களாம்! என்ன யாரு கேட்டா? நீயாவது வாயத் தொறந்து ஒரு வார்த்த... ம்ஹூம்.

சரி... சொல்லிடுறேன். யார்கிட்டயும் சொல்லிடாத. இங்கிலீஷ்ல தப்பே இல்ல. பேரரசரோட அப்பாவுக்குக் கூடப் பொறந்த அக்கா பையன்னு தெளிவா இருந்துச்சு. அத்தை பையன்! நம்ம மொறப்படி ஜம்முனு கட்டிக்கலாம். நான்தான் மாத்துனேன். பத்துப் பத்து எபிசோடாத்தான் குடுப்பாங்க, பின்னாடி கல்யாணம் வரும்னு நான் கண்டேனா? ‘அத்தை பையன்’னு டைப் பண்ணா உன் மூஞ்சி வந்து நிக்குது கிஷோரு! குதிர மேல, வெள்ளிக் கவசத்துல, கழுத்துல அந்த ஆபீஸ் ஐடி கார்ட மாட்டிக்கிட்டு! எப்படிடா வேல பாக்குறது? அதான் சித்தப்பா பையனாக்கிட்டேன்.

ஏய், எங்க எந்திரிக்கிற? இது ஒயிட்பீல்டு, நீ எறங்குறது கேஆர் புரம்தானே... கிஷோரு! டேய்!

எறங்கிட்டான். எதுத்தாப்புல ஒக்காந்து நீங்களும் பாத்தீங்கல்லக்கா, இவ்ளோ நேரம் பேசிட்டிருக்கேன், ஒரு பை கூட சொல்லாம...

இருங்க, புதுசா கமெண்ட் ஒண்ணு. கிஷோரா? இதத்தான் நோண்டிட்டிருந்தானா? ‘மொதல் எபிசோடுலேர்ந்து கேக்குறவன் சொல்றேன். இளவரசிக்குப் புடிக்கல. தளபதி எல்லைக்கே திரும்பிப் போயிடட்டும்.’

மொதல் எபிசோடுலேர்ந்தா?

அதுக்குள்ள நாப்பது ஹார்ட்டு. கீழ மமதா மேடம், ‘சூப்பர்! ஜோவிதா, இதையே எழுது’ன்னு.

எழுதணுமாம்! ஏண்டா... இளவரசிக்குப் புடிக்கலன்னு உனக்கு யாருடா சொன்னது?